தண்ணீரில் இல்லை

சென்னை,
20 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கம் எழுதுகிறேன். பொங்கலுக்கு வர முடியாமல் போனதற்கு மைனியிடம் நீங்கள்தான் சமாதானம் சொல்ல வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் புதுக் காது மெஷின் இன்னும் விசில் அடிக்கிறதா? போனில் நான் ஒன்று கேட்க, நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொல்வது சரிப்பட்டு வரவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள் என்கிறீர்கள். அதனால் ஹாஸ்டலில் இருந்த காலத்தைப் போலத் தபாலிலேயே எழுதுகிறேன்.

நல்ல செய்திதான். நாங்கள் கேட்டிருந்த ஆய்வுக்கு அனுமதி வந்துவிட்டது. நம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் சர்க்கரையும் இல்லாமல் ரத்தக் கொதிப்பும் இல்லாமல் நாற்பது வயதிலேயே கிட்னி போய்விடுகிறதே, அது ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இளையரசனேந்தல் பக்கம் மூன்று ஊர்களை எடுத்திருக்கிறோம். குழுவுக்கு நான் தலைவி.

தலைவி என்று எழுதவே கை கூசுகிறது. நான் படித்தது மண்ணும் தண்ணீரும். மற்றவர்கள் வேறு வேறு படிப்பு. ஷேக் ஃபரீத் சிறுநீரக மருத்துவர், கடையநல்லூர்க்காரர். ஜெஸ்லின் மானுடவியல் படித்தவள், நாசரேத் பெண். ஊருக்குள்ளேயே வீடெடுத்துத் தங்கி, மக்களோடு பழகி எழுதுவாள். மாரிச்செல்வம் புள்ளியியல். முதல் கூட்டத்தில் சான்று என்றால் என்ன என்பதைப் பேசியே மதியம் முழுக்கப் போய்விட்டது. டாக்டருக்கு ரத்தப் பரிசோதனையில் வரும் எண்தான் சான்று. ஒரு பெண் ஒரே விஷயத்தை வேறு வேறு நாளில் மாற்றாமல் சொன்னால் ஜெஸ்லினுக்கு அதுவே சான்று. போதுமான பேர் சேரும்வரை மாரிச்செல்வம் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டான். எனக்கோ பாட்டிலில் பிடித்து வந்த தண்ணீர் பேசினால்தான் நம்பிக்கை. இவர்களை எல்லாம் ஒரே வண்டியில் ஏற்றி ஓட்ட வேண்டும்.

உங்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். குழு தங்க சங்கரன்கோவிலில் ஒரு வீடு வேண்டும். அந்த ஊர்க்காரர்களிடம் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். மைனிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
தங்கப்பழம்


சங்கரன்கோவில்,
2 பிப்ரவரி 2024

தங்கத்துக்கு,

அண்ணன் பெத்துராஜ் எழுதுவது. நானும் உன் மைனியும் கடையும் சுகம். நீ ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று சாப்பிடாமல் கிடப்பாய் என்று இவள் கவலைப்படுகிறாள். காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டேன். வியாபாரத்துக்கு அது தேவையில்லை. வருகிறவர்கள் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார்கள், நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மருத்துவர் ஒருவர் உன் கீழே வேலை பார்க்கிறார் என்பதை இவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருப்பார்.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மாடி வீடு பார்த்துவிட்டேன். தண்ணீர் வசதி உண்டு, காற்று வரும். ஊர்க்காரர்களைப் பற்றி நீ யோசிக்கவே வேண்டாம். அந்தப் பக்கத்தில் நம் மருந்துக்கடைப் படி ஏறாத குடும்பம் கிடையாது. பெத்துராஜ் அண்ணாச்சியின் தங்கச்சி என்று சொல், போதும்.

எனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். அங்கே தண்ணீர்தான் கோளாறு. துணி வெளுத்தால் நுரை நிற்காத தண்ணீர். அதைக் குடித்தால் கிட்னி என்ன ஆகும்? நீ படித்த படிப்புக்கு ஏற்ற வேலைதான் வந்திருக்கிறது. தைரியமாகச் செய்.

வரும்போது வீட்டில்தான் தங்க வேண்டும். இது மைனியின் உத்தரவு.

அன்புடன்,
பெத்துராஜ்


சென்னை,
18 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போன வாரம் உங்கள் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டில் இன்னும் தெம்பாக இருக்கிறேன். இந்த வெயிலில் மதியத்தில் கடைக்கும் வீட்டுக்கும் அலையாதீர்கள்.

நீங்கள் சொன்னது சரி. உங்கள் பெயரைச் சொன்னதும் கதவு திறந்தது. கிணறு, போர், மேல்நிலைத் தொட்டி, வீட்டுக் குடம் என்று எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்துவிட்டோம். குழுவை நடத்துவதுதான் பெரும்பாடு. ஒரே கேள்வித்தாளில் ஆளுக்குச் சில பக்கம் வேண்டும் என்கிறார்கள். கேட்டு முடிப்பதற்குள் உலை பொங்கிவிடுகிறது, பெண்கள் எழுந்து போய்விடுகிறார்கள். ஜெஸ்லின், கேள்வியே வேண்டாம், நான் கூடவே கரிசல்காட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறாள். போகவும் செய்கிறாள். முகமெல்லாம் கறுத்துவிட்டது.

அவள் இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி பூமாரி. நாற்பதைத் தாண்டாதவள், கூலி வேலைக்குப் போகிறவள். கால் வீங்குகிறது என்று டாக்டரிடம் காட்டினாள். ரத்தத்தில் உப்பு கூடிப்போயிருக்கிறது. இரண்டு கிட்னியும் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார் ஃபரீத். அவளிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான், வேலைக்குப் போகலாமா என்று.

போன கூட்டத்தில் ஜெஸ்லின் ஒரு விஷயம் சொன்னாள். "அக்கா, அவங்க வேலைக்குப் போகுமுன்ன டீயோட ஒரு செட்டு மாத்திரை போடுதாங்க. தெனமும் போடுதாங்க. கேட்டா, போட்டாத்தான் கையுங்காலும் ஓடும்ங்காங்க" என்றாள். எத்தனை பேரிடம் கேட்டாய் என்றான் மாரிச்செல்வம். கையளவு பேரைத்தான் அவள் சொன்னாள். அவன் சிரித்துவிட்டான். நான் அவனைக் கண்டித்தேன், ஆனால் முடிவில் அவன் பக்கம்தான் நின்றேன். திட்டப்படி முதலில் தண்ணீர், பிறகு மற்றது என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

நீங்கள் மருந்துக்கடைக்காரர். இந்த செட் மாத்திரை என்பது என்ன? எங்கிருந்து வாங்குகிறார்கள்? தெரிந்தால் இரண்டு வரி எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
தங்கப்பழம்


சங்கரன்கோவில்,
30 மே 2024

தங்கத்துக்கு,

நானும் உன் மைனியும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே வெயில் தலையைப் பிளக்கிறது. மின்சாரம் நின்று நின்று வருவதால் தறி ஓட்டுகிறவர்களெல்லாம் ரோட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சிவகிரியிலிருந்து சம்பந்தி வீட்டார் மாம்பழம் கொண்டுவந்தார்கள். உனக்கென்று மைனி எடுத்துவைத்தது பழுத்து அழுகிவிட்டது.

உன் தண்ணீர் வேலை எந்த அளவில் இருக்கிறது? கடைக்கு வரும் ஆட்களும் கேட்கிறார்கள். ஊருக்கு வடக்கே இருக்கும் பழைய போரை விட்டுவிடாதே. அதில்தான் விஷயம் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. அதை ஆழமாகப் பார்.

குழுவில் சண்டை வருகிறது என்று எழுதியிருந்தாய். நாலு பேர் நாலு பக்கம் இழுத்தால் வண்டி நகராது. தலைவி நீ. உனக்குத் தெரிந்த வேலையை நீ உறுதியாகப் பிடித்துக்கொள். சின்னப் பெண்கள் சொல்வதற்கெல்லாம் ஆட வேண்டாம்.

மைனி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
பெத்துராஜ்


சென்னை,
10 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் கடையில் நின்று நின்று கால் கடுத்திருக்கும். இப்போது பரவாயில்லையா? எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது.

தண்ணீர் முடிவுகள் வந்துவிட்டன. ஒன்றுமில்லை, அண்ணன். கெட்ட தண்ணீர்தான், உப்பும் இருக்கிறது, ஃப்ளோரைடும் இருக்கிறது. ஆனால் நோய் வந்த வீட்டிலும் வராத வீட்டிலும் ஒரே தண்ணீர். நீங்கள் சொன்ன வடக்குப் போரையும் பார்த்தாயிற்று. மாரிச்செல்வம் எண்களை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் தண்ணீருக்கும் கிட்னிக்கும் முடிச்சுப் போட முடியவில்லை. நான் திரும்பச் செய்யச் சொன்னேன். திரும்பச் செய்தான். அதே முடிவு.

கூட்டத்தில் அதை நானே வாசித்தேன். பிறகு ஜெஸ்லின் மெதுவாகத்தான் பேசினாள். "பூமாரி அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு. டயாலிசிசுக்கு திருநெவேலி போறாங்க. நான் சொன்னப்பமே கேட்டிருந்தா இந்த நாலு மாசமாவது அவங்க மாத்திரைய நிறுத்திருப்பாங்க" என்றாள். நான் முடிவுத் தாள்களை அடுக்கத் தொடங்கினேன். டாக்டர்தான், அவள் சொன்னபோதே நானும் கேட்டிருக்க வேண்டும், என் தப்பும் உண்டு என்றார்.

பலவகைப் படிப்புக்காரர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு என் படிப்பு சொன்னதை மட்டும் கேட்டிருக்கிறேன். இதற்கு நான் ஒருத்தியே போதுமே, குழு எதற்கு?

இனி மாத்திரையைத்தான் பார்க்கப் போகிறோம். உங்களிடம் ஏப்ரலில் ஒன்று கேட்டிருந்தேன், பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள். இந்த செட் மாத்திரை எங்கிருந்து வருகிறது?

உங்கள் தங்கை,
தங்கப்பழம்


சங்கரன்கோவில்,
22 செப்டம்பர் 2024

தங்கத்துக்கு,

சுகம். நீ சுகமா?

கேட்டதற்கு எழுதுகிறேன். வலி மாத்திரை எல்லாக் கடையிலும் விற்கிறது. சங்கரன்கோவிலில் விற்கிறது, சிவகிரியில் விற்கிறது, உன் சென்னையிலும் விற்கும். காட்டில் குனிந்து வேலை செய்கிறவனுக்கு இடுப்பு வலிக்கும். அவன் டாக்டரிடம் போனால் ஒருநாள் கூலி போகும். கடையில் வந்து கேட்கிறான். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போவான். இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

உன் குழுவில் இருக்கும் அந்த ஜெஸ்லின் பெண் கடைக்கு வந்தாள். கூட்டமான நேரத்தில் வந்து ஓரமாக நின்று, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்தாள். என்னிடமும் ஏதோ கேட்டாள், எனக்குக் காதில் விழவில்லை. அவளிடம் சொல்லி வை. நான் உன் அண்ணன் என்பது அவளுக்குத் தெரியுமா தெரியாதா?

பெத்துராஜ்


சென்னை,
14 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை தொடங்கியிருக்கும். காதுக்குள் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நன்றாக இல்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, தூக்கம்தான் இல்லை.

ஜெஸ்லின் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். மூன்று ஊர்ப் பெட்டிக்கடைகளிலும் விற்கும் செட் ஒரே மாதிரி இருக்கிறது. சின்னக் காகிதப் பொட்டலம், உறையில்லாத உதிரி மாத்திரைகள். அதைப் போடுகிற வீடுகளில்தான் கிட்னி போயிருக்கிறது. இந்த முறை அவள் கையளவு பேரிடம் கேட்டுவிட்டு வரவில்லை. மாரிச்செல்வத்தைக் கூடவே கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். அவனும் இப்போது சிரிக்கவில்லை. பெட்டிக்கடைகளுக்கு அது சங்கரன்கோவிலில் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்பதையும் ஒரு பெட்டிக்கடைக்காரர் அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அதை நான் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை.

பொட்டலத்தில் வலி மாத்திரையும் வயிற்று மாத்திரையும் இருப்பதை ஃபரீத் பார்த்ததுமே சொல்லிவிட்டார். தினமும் போட்டால் அந்த வலி மாத்திரையே கிட்னியைக் கெடுக்கும் என்றார். ஒரு சின்ன வெள்ளை மாத்திரைதான் என்னவென்று தெரியவில்லை. சோதனைக்கு அனுப்பச் சொன்னார். ஊரில் உடனே கூட்டம் போட்டு எல்லோரிடமும் பேசலாம் என்றார். நான், கணக்கு முழுதாகட்டும், அதுவரை எந்தக் கடை என்று யாரும் விசாரிக்க வேண்டாம் என்றேன். அந்த வெள்ளை மாத்திரையையும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். சோதனைக்கு அனுப்பினால் எங்கே வாங்கியது என்று எழுத வேண்டும்.

ஜெஸ்லின் கேட்டாள். "அக்கா, இது ஆராய்ச்சிக்காகத் தள்ளிப்போடுததா, வேற எதுக்காகவுமா?"

நீங்கள் மருந்துக்கடைச் சங்கத்தில் இருக்கிறீர்கள். எல்லாக் கடைக்காரர்களிடமும் பொதுவாகச் சொல்லுங்கள். இனிமேல் யாரும் செட் கட்டிக் கொடுக்க வேண்டாம். யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நிறுத்தினால் போதும், அண்ணன்.

உங்கள் தங்கை,
தங்கப்பழம்


சங்கரன்கோவில்,
3 நவம்பர் 2024

தங்கத்துக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். தூக்கம் வராவிட்டால் சுடுபால் குடி.

சங்கத்தில் பேசுகிறேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் பூ மார்க்கெட் வாசலில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் வெகுநேரமாக நம் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடையில் நல்ல கூட்டம். உன் மைனி சாப்பாடு கொண்டுவந்தவள், "நம்ம தங்கம் மாதிரி இருக்குல்லா" என்றாள். தங்கம் ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வராமல் போவாளா என்று சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை. தீபாவளிக்கு உனக்கும் சேர்த்து இலை போட்டாள் இவள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். காட்டுக்குப் போகிறவர்களுக்கு வலிக்கிறது. அந்த வலி உங்கள் ஆராய்ச்சியில் யாருடைய பாடத்தில் வருகிறது?

பெத்துராஜ்


சென்னை,
20 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

மைனியும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்காதீர்கள்.

பூமாரி மார்கழியில் இறந்துபோனாள். டயாலிசிசுக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் இரண்டு பேர் கூலி போகிறது என்று அவளே போவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். நான் துட்டிக்குப் போனேன். புருஷன் நல்லகண்ணு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி கொண்டுவரச் சொன்னார். பிறகு கேட்டார்.

"தண்ணி எடுத்துட்டுப் போனியளே, என்ன வந்துச்சி?"

"தண்ணீல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்பம் எதுல இருக்கு?"

எனக்குத் தெரியும். அக்டோபரிலிருந்தே தெரியும். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவரிடம் சொன்னேன். ஜெஸ்லின் பக்கத்தில் நின்றாள். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டாள். திட்டவில்லை, சண்டை போடவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மற்ற இரண்டு பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கடை என் அண்ணன் கடை, அதனால்தான் தள்ளிப்போட்டேன் என்றேன். மாரிச்செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். ஃபரீத், "மேடம், தெரிஞ்ச அன்னைக்கே எங்ககிட்ட சொல்லிட்டு நீங்க ஒதுங்கியிருந்தா, மீதிய நாங்க பாத்திருப்போம்" என்றார்.

நீங்கள் சங்கத்தில் பேசவில்லை. செட் இன்னும் வருகிறது. போன வாரமும் வந்தது.

இன்று காலை மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். உங்கள் பெயரும் கடைப் பெயரும் அதில் இருக்கின்றன. இதைப் பற்றி நான் யாரிடமும் கலந்து பேசவில்லை. பேசினால் மறுபடியும் தள்ளிப்போட்டுவிடுவேன் என்ற பயம். அதிகாரிகள் வந்து சொல்வதற்கு முன் என் கையெழுத்திலேயே உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னைப் படிக்கவைத்தது நீங்கள். அதை நான் மறக்கவில்லை.

தங்கப்பழம்


சங்கரன்கோவில்,
11 மார்ச் 2025

அண்ணனுக்கு,

ஸ்டேஷன் ரோட்டு மாடியிலிருந்து எழுதுகிறேன். நடந்தே வந்து கொடுக்கக்கூடிய தூரம்தான். வந்தேன். ஜன்னல் வழியாக மைனி, "அவுக பேச மாட்டாக. நீ போயிரு, தங்கம்" என்றார்கள். கண்கள் வீங்கியிருந்தன. அதனால் தபாலில் போடுகிறேன்.

பிப்ரவரியில் கடையைப் பூட்டி சீல் வைத்தார்கள். செட் வருவது நின்றது. நிம்மதியாக இருந்தது எனக்கு. அந்த நிம்மதியைச் சொல்லவே இப்போது நாக்கு கூசுகிறது.

சுப்புத்தாயை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடு ஊரில் இருப்பவள், பேரன் பேத்தி எடுத்தவள். கிட்னியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பல வருடமாக செட் போட்டுவந்தவளுக்கு மாத்திரை கிடைக்காமல் போனது. முதலில் அசதி என்று படுத்தாள். பிறகு வாந்தி, எழுந்து நிற்க முடியவில்லை. மாத்திரையை விட்டால் அப்படித்தான் இருக்கும், சரியாகிவிடும் என்று பக்கத்தில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நான் அந்த வாரம் அந்த ஊரில்தான் இருந்தேன், நானும் அதையேதான் சொன்னேன். மயங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். ரத்த அழுத்தம் கருவியில் காட்டவே இல்லை. மறுநாள் போய்விட்டாள்.

ஃபரீத் ஓடிவந்தார். குறிப்புகளைப் படித்துவிட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். "அந்த வெள்ள மாத்திரை ஸ்டீராய்டாத்தான் இருக்கணும். வருசக்கணக்கா சாப்பிட்டவங்க சட்டுனு நிறுத்துனா உடம்பு தாங்காது. புகார் குடுக்குததுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஆளாளுக்குப் பாத்து கொஞ்சங்கொஞ்சமா கொறைச்சிருப்பேன்" என்றார்.

முதலில் ஜெஸ்லின் சொன்னதைக் கேட்கவில்லை. பிறகு ஃபரீதைக் கேட்காமல் செய்தேன். பூமாரிக்கு ஒன்று, சுப்புத்தாய்க்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்று நான் நினைத்திருந்தேன். நானும் இருக்கிறேன்.

தலைமைப் பொறுப்பை ஃபரீதிடம் கொடுத்துவிட்டேன். அவர் போய்க் கூப்பிட்டு ஜெஸ்லினும் திரும்பி வந்திருக்கிறாள். இப்போது என் வேலை அவர்கள் சொல்கிற வீட்டுக்குப் போவது மட்டும்தான்.

இன்னும் பலர் தளர்ந்து கிடக்கிறார்கள். சிலர் வேறெங்கோ போய் எதையோ வாங்கிப் போடுகிறார்கள். அதிகாரிகள் எடுத்துப்போன மாத்திரைகளின் சோதனை முடிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் வைத்திருந்த ஒன்றிரண்டையும் இப்போதுதான் அனுப்பியிருக்கிறோம். செட்டில் என்ன போட்டீர்கள், எவ்வளவு காலமாக, எந்த ஊரில் யார் விடாமல் வாங்கினார்கள் என்பது தெரிந்தால் ஃபரீத் ஆட்களைக் காப்பாற்றுவார். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வழக்கில் அது உங்களுக்கு எதிராகப் போகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். பதில் மட்டும் எழுதுங்கள்.

தங்கப்பழம்


அனுப்புநர்:
த. பெத்துராஜ்,
மருந்துக்கடை உரிமையாளர் (உரிமம் நிறுத்தம்),
சங்கரன்கோவில்.

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
சிறுநீரக நோய் ஆய்வுக் குழு,
ஸ்டேஷன் ரோடு, சங்கரன்கோவில்.

2 ஏப்ரல் 2025

ஐயா / அம்மையீர்,

தங்கள் 11.3.2025 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. வக்கீல் பதில் எழுதக் கூடாது என்றார். இருந்தும் எழுதுகிறேன்.

செட் ஒன்றில் வலி மாத்திரை இரண்டு, வயிற்று மாத்திரை ஒன்று, சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று. வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. முதலில் அது இல்லாமல்தான் கொடுத்தேன். வலி கேட்கவில்லை அண்ணாச்சி என்று திரும்பி வந்தார்கள். கொரோனாவுக்கு முன்பிருந்தே அதையும் சேர்த்துக் கொடுத்தேன். போட்டவர்கள் நல்லா இருக்கு என்றார்கள். நான் கெடுதல் என்று நினைத்துக் கொடுக்கவில்லை. கெடுதலா என்று யாரிடமும் கேட்கவும் இல்லை.

மூன்று ஊர்ப் பெட்டிக்கடைகளுக்கும் கொடுத்தேன். தாங்கள் எடுத்துக்கொள்ளாத பனவடலிசத்திரம் பக்கத்து ஊர்கள் சிலவற்றுக்கும் போயிருக்கிறது. அங்கேயும் மருத்துவர் போய்ப் பார்ப்பது நல்லது. பெட்டிக்கடைக்காரர்களிடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். யார் யார் வாங்கினார்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்க மாட்டார்கள்.

பூமாரி என்பவரின் படத்தைத் துட்டிச் சுவரொட்டியில் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தும் முகம் நினைவுக்கு வரவில்லை.

சுப்புத்தாயை நன்றாகத் தெரியும். கடையைப் பூட்டிய பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஒண்ணே ஒண்ணு குடுங்க அண்ணாச்சி, நிக்க முடியல" என்றார். வீட்டில் கொஞ்சம் மாத்திரை இருந்தது. என் மேல் புகார் இருப்பதால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தெருமுனை வரை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவும் தங்கள் ஆய்வுக்குப் பயன்படுமானால் எழுதிக்கொள்ளலாம்.

மேலும் விவரம் தேவைப்பட்டால் மருத்துவர் வரலாம். அந்த ஜெஸ்லின் என்ற பெண்ணும் வரலாம், அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வேறு யாரும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
த. பெத்துராஜ்